விடாக்கண்டனின் வரலாறு

எந்தப் போதகரையும் பார்த்து ‘போதும், நிறுத்துங்கள்’ என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை என்பது அந்தச் சபையின் நெடுநாள் பெருமை. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை என்பது அந்தப் பெருமைக்குள் பொத்தி வைத்த ரகசியம். அந்த வேலையை ஆர்கன் பார்த்துக்கொண்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறி வந்த ஆர்கன் அது. கல்யாண வீட்டில் குரூப் போட்டோவுக்கு நிற்கிற சொந்தக்காரர்கள் மாதிரி, நெட்டைக் குழாய்கள் நடுவிலும் குட்டைக் குழாய்கள் ஓரத்திலுமாக, ஆலயத்தின் பக்கச் சுவரை அடைத்துக்கொண்டு விறைப்பாக நிற்கும். பின்வரிசையில் ஒரு குழாய்க்கு மட்டும் வாயை மூடத் தெரியாது. உள்ளே காற்று ஏறினால் போதும், யாரும் வாசிக்கிற கட்டையைத் தொடாமலே ‘ம்ம்ம்ம்’ என்று தொடங்கிவிடும். காற்று நிற்கும்வரை விடாது. சபையார் அதற்கு விடாக்கண்டன் என்று பேர் வைத்திருந்தார்கள். ஞானஸ்நானம் கொடுக்காமலே நிலைத்துவிட்ட பேர்.

பாட்டு நடக்கும்போது மற்றக் குழாய்களின் ஆர்ப்பாட்டத்தில் அவன் முனகல் அமுங்கிவிடும். பிரசங்க நேரத்தில்தான் அவனுக்கு மவுசு. காற்றடிக்கும் மோட்டார் சுவருக்கு வெளியே ஒரு தகரக் கூண்டில் இருந்தது. அதன் ஸ்விட்ச், வாசிப்பவரின் வலது முழங்காலுக்குப் பக்கத்தில், கட்டைகளுக்குக் கீழே. போதகர் மூன்றாவது முறை ‘கடைசியாக’ என்று சொன்னதும் பாடகர் குழுத் தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அதுதான் சைகை. வாசிப்பவரின் முழங்கால் லேசாக நகரும். துருத்தி நிறையும். ‘ம்ம்ம்ம்’. போதகர் திடுக்கிட்டு, இரண்டு வாக்கியத்தில் மோட்சத்தை எட்டி, ‘ஆமென்’ போட்டுவிடுவார். சாப்பாடு ஆறுவதற்குள் ஜனங்கள் வீட்டில் இருப்பார்கள்.

மோட்டார் வராத காலத்தில் ஆர்கனுக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்து துருத்தி அடித்தானாம். அவனுக்குப் பசி எடுத்தால் அடிப்பானாம். வழக்கம் அவனுடைய வயிற்றிலிருந்துதான் பிறந்தது என்று சொல்வார்கள்.

புதிதாக வருகிற ஒவ்வொரு போதகருக்கும் ஒரே விளக்கம்தான். “பழைய ஆர்கன் ஐயா. ரொம்ப நேரம் வாசிக்காம விட்டா காத்து நிரம்பி வழிஞ்சிடும்.” அடுப்பில் வைத்த பால் மாதிரி என்று கையை வேறு விரித்துக் காட்டுவார்கள். படித்த மனிதர்கள் எல்லாரும் நம்பினார்கள். பால் பொங்குவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்களே.

இப்போது முழங்காலை நகர்த்துகிறவர் ஆர்கன் டீச்சர். பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் கணக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவர். ஆனாலும் ஊர் அவரைக் கணக்கு டீச்சர் என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கணக்கை யார் நினைவில் வைத்துக்கொள்ள விரும்புவார்கள்? டீச்சருக்கு வந்த சிக்கல் வேறு எந்த ஆர்கன்காரருக்கும் வந்திருக்காது. புதிதாக வந்த போதகர் அவருடைய சொந்த மாப்பிள்ளை.

நல்ல மாப்பிள்ளை. பேச்சைத் தவிர கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது. டீச்சரின் மகளைக் கட்டிக்கொண்டு எங்கோ தொலைவில் ஊழியம் செய்துவிட்டு, மாற்றல் கிடைத்து இந்தச் சபைக்கே வந்து சேர்ந்திருந்தார். அதுவரை போன் திரையில் கையசைத்துக்கொண்டிருந்த பேத்தி, இப்போது போதகர் வீட்டுப் பின்கதவிலிருந்து டீச்சர் வீட்டு முன்கதவுக்குத் தத்தித் தத்தி நடந்து வந்து, வந்த வேகத்தில் செருப்பைக் கடிக்கத் தொடங்கியிருந்தாள். அந்தச் செருப்புக்காக டீச்சர் எதை வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தார்.

“அங்க இருந்தப்போ உன் வீட்டுக்காரர் பிரசங்கத்தை எப்படிடி முடிப்பார்?” என்று ஒருநாள் மகளிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

“கோயில் பக்கத்துலயே தண்டவாளம்மா. ரயில் வந்ததும் முடிச்சிடுவார்.”

“ரயில் லேட்டா வந்தா?”

“ஒருவாட்டி வந்துச்சு. அன்னிக்கு ஒரு கிழவிக்கு மயக்கம் வந்து, தண்ணி தெளிச்சு எழுப்பினோம். எழுந்து பாத்தா இவர் இன்னும் பேசிட்டிருக்கார். திரும்பப் படுத்துட்டாங்க.”

டீச்சர் சிரித்தார். அந்த ரயிலைப் பற்றி இன்னும் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஆர்கன் வந்திறங்கிய நாளின் ஆண்டு நிறைவைக் கொண்டாடுவது என்று கமிட்டி முடிவு செய்த வாரத்தில், மாப்பிள்ளை சாப்பாட்டு மேசையில் முகமெல்லாம் வெளிச்சமாக உட்கார்ந்திருந்தார்.

“அத்தை, உங்களுக்கு ஒரு சந்தோஷமான விஷயம்.”

“சொல்லுங்க மாப்பிள்ளை.”

“விடாக்கண்டனுக்கு வைத்தியம் பாக்க ஆள் வருது. இத்தனை வருஷமா இந்த முனகலை வெச்சுக்கிட்டு வாசிக்கிறீங்களே, உங்க பொறுமைக்கு என்னோட சின்னப் பரிசு.”

டீச்சரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. “எதுக்கு மாப்பிள்ளை வீண் சிரமம்? வயசாச்சுன்னா முனகத்தான் செய்யும். நானும்தான் முனகுறேன்.”

“உங்க மூட்டுவலிக்கும் டாக்டர்கிட்ட போனோமே அத்தை?”

மகள் தண்ணீர் டம்ளரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, குடிக்கவே இல்லை.

“அது மட்டும் இல்ல,” என்றார் மாப்பிள்ளை. “அன்னிக்குப் பிரசங்கமே ஆர்கனோட வரலாறுதான். சபையில எல்லாரையும் பாத்து விவரம் சேகரிக்கப் போறேன்.”

செய்தி காற்றில் பரவியது. மறுநாள் இருமல் மருந்து வாங்கப்போன டீச்சரை மருந்துக்கடைக்காரர் கவுண்டருக்கு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் சபைப் பொருளாளர். மூன்று போதகர்களை மூட்டை கட்ட வைத்த அனுபவசாலி. பக்கத்து ஸ்டூலில் பாடகர் குழுத் தலைவர், தொழிலால் பல் டாக்டர், மருந்து வாங்க வந்தவர்போல உட்கார்ந்திருந்தார்.

“டீச்சர், உங்க மாப்பிள்ளை தங்கமான மனுஷன்,” என்று ஆரம்பித்தார் பொருளாளர்.

“தங்கம்தான்.”

“விடாக்கண்டன் இல்லாம அவ்வளவு தங்கத்தை எங்களால தாங்க முடியாது.”

“வாயைத் திறந்தா மூடணும் டீச்சர்,” என்றார் பல் டாக்டர். “அதுதான் ஆரோக்கியம். நான் தொழில் ரீதியா சொல்றேன்.”

“மிரட்டுறீங்களா?”

“சேச்சே. மேலிடத்துக்கு ஒரு மனு போடுவோம். அவ்வளவுதான். ‘இவர் பேச்சுத் திறமைக்கு எங்க சபை ரொம்பச் சின்னது, இவரைப் பெரிய இடத்துக்கு அனுப்புங்க’ன்னு புகழ்ந்து எழுதுவோம். போன தடவை எழுதின மனுவைப் படிச்சிட்டு அந்த போதகரே கண்கலங்கினார். இப்போ எங்கேயோ மலை உச்சியில பேசிட்டிருக்கார்.”

டீச்சருக்கு மலை உச்சி தெரிந்தது. மலை உச்சியில் பேத்தி யாருடைய செருப்பையோ கடித்துக்கொண்டிருந்தாள்.

“விடாக்கண்டன் போக மாட்டான்,” என்று சொல்லிவிட்டு எழுந்தார். இருமல் மருந்தை மறந்து வந்துவிட்டார்.

இதற்கிடையில் மாப்பிள்ளை வீடுவீடாக வரலாறு சேகரித்தார். கேள்வி ஒன்றுதான்: இந்தக் குழாயை ஏன் இத்தனை காலமாக யாரும் பழுது பார்க்கவில்லை? சபையார் முழித்தார்கள். காற்று வழிகிற கதைக்கு மேல் அவர்கள் எதுவும் தயார் செய்து வைத்திருக்கவில்லை. எனவே வாய்க்கு வந்ததைச் சொன்னார்கள். கப்பலில் வரும்போது உப்புக்காற்று குழாயின் தொண்டையைப் பிடித்துவிட்டது என்றார் பொருளாளர். ஆர்கனைச் செய்தவருக்குக் காதல் தோல்வி, அந்தத் துக்கத்தை ஒரு குழாயில் அடைத்து அனுப்பிவிட்டார் என்றார் பல் டாக்டர். குழாயைத் தொட்ட மெக்கானிக்குகள் அத்தனை பேருக்கும் காது மந்தமாகிப் போனதாக ஆலயத்தில் இரண்டாம் வரிசையில் உட்காரும் அம்மாள் ஒருவர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். அந்த மெக்கானிக்குகளுக்கு அவர் ஊரும் உறவும்கூட வைத்தார். மாப்பிள்ளை எதையும் விடவில்லை. நன்றி சொல்லி, எழுதிக்கொண்டு, ‘இன்னும் ஏதாவது?’ என்று கேட்டார். கேட்டால் இன்னும் ஏதாவது சொன்னார்கள். காகிதக் கத்தை தலையணை உயரம் வளர்ந்தது. அவ்வளவையும் ஒருநாள் தாங்களே உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மெக்கானிக் வந்தார். ஒல்லியான மனிதர். ஊசி முதல் ரம்பம் வரை உள்ள பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு சாமானையும் துணியில் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டுத்தான் வணக்கமே சொன்னார். கட்டைகளுக்குக் கீழே இருந்த பலகையைக் கழற்றினார். உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு மூடி: தோல் ஒட்டிய சின்ன மரப்பட்டை. கட்டையை அழுத்தினால் திறந்து காற்று குழாய்க்குப் போகும், விட்டால் ஸ்பிரிங் இழுத்து மூடும். மெக்கானிக் டார்ச் அடித்துத் தலையை உள்ளே விட்டார். வெகுநேரம் தலை வெளியே வரவில்லை. வந்தபோது இரண்டு விரலுக்கு நடுவில் நகத்தளவு மரத்துண்டு ஒன்று இருந்தது.

“டீச்சரம்மா, இதுல பழுதே இல்ல. யாரோ வேணும்னே ஒரு மூடிக்கு ஆப்பு வெச்சிருக்காங்க. எவ்வளவு அழகா இழைச்சிருக்காங்க பாருங்க. ஆர்கன் செஞ்ச அதே மரம். ஆனா மேல சுத்தியிருக்கிற கம்பளித் துணி மட்டும் புதுசு.”

துணி பச்சையாக இருந்தது. டீச்சர் போட்டிருந்த பழைய ஸ்வெட்டரும் பச்சையாக இருந்தது. மெக்கானிக் இரண்டையும் பார்த்தார். டீச்சர் ஜன்னலைப் பார்த்தார்.

“தம்பி, அதை இருந்த இடத்துலயே வெச்சிடுங்க.”

“முடியாதும்மா.”

“உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

“நான் கை வெச்ச ஆர்கன் தன்னால முனகுதுன்னு நாளைக்கு யாராவது சொன்னா என் தொழில் என்ன ஆகும்? எங்க வாத்தியார் என்னைச் செவுள்ளயே விடுவார்.”

“அவர் உயிரோட இருக்காரா?”

“இல்ல. இருந்தாலும் விடுவார்.”

விடாக்கண்டனுக்கு வாய்த்த கொடாக்கண்டன். அவர் ஸ்பிரிங்கைத் தட்டிப் பார்த்து, பலகையை இறுக்கித் திருகி மூடி, ஆப்பை மட்டும் டீச்சரின் உள்ளங்கையில் வைத்தார். “ஞாபகார்த்தமா வெச்சுக்கோங்க.” போதகரிடம், உள்ளே ஒரு துண்டு சிக்கியிருந்தது, எடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டீச்சர் வெறும் மோட்டாரைப் போட்டுப் பார்த்தார். துருத்தி நிறைந்தது. சத்தமே இல்லை. வீட்டில் வாயாடிப் பிள்ளை திடீரென்று அமைதியானால் எட்டிப் பார்ப்போமே, அப்படிக் குனிந்து பலகையைப் பார்த்தார்.

விழா அன்று காலை, ஒருவரும் வருவதற்கு முன்பே டீச்சர் ஆலயத்துக்குப் போனார். கைப்பையில் ஆப்பும், திருப்புளி என்று வீட்டில் எதுவும் கிடைக்காததால் ஒரு வெண்ணெய்க் கத்தியும் இருந்தன. ஆர்கனுக்கு முன்னால் மூட்டுகள் அலற மண்டியிட்டு, வெண்ணெய்க் கத்தியைத் திருகாணியில் வைத்துத் திருகினார். கத்தி வளைந்தது. திருகாணி வளையவில்லை. மறுபடி முயலக் குனிந்தபோது பின்னால் காலடிச் சத்தம்.

“அத்தை!” மாப்பிள்ளை ஓடி வந்தார். “இந்த வலியோட மண்டி போட்டு ஜெபம் பண்றீங்களா? எனக்காகவா?”

“உங்களுக்காகத்தான் மாப்பிள்ளை,” என்றார் டீச்சர், கத்தியை ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டு. இதில் பொய் இல்லை.

“நானும் சேந்துக்கறேன்.”

மாப்பிள்ளை பக்கத்தில் மண்டியிட்டு, கண்களை இறுக மூடிக்கொண்டு ஜெபிக்கத் தொடங்கினார். அத்தைக்காக, மூட்டுக்காக, ஆர்கனுக்காக, அதைச் செய்தவரின் காதல் தோல்விக்காக. சபை வந்து உட்கார ஆரம்பித்த பிறகுதான் ஜெபம் முடிந்தது. டீச்சரைத் தூக்கி எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஆலயம் நிரம்பியிருந்தது. பொருளாளரின் சட்டைப் பையில் மடித்த காகிதம் ஒன்று எட்டிப் பார்த்தது. டீச்சர் பக்கம் திரும்பி அதை லேசாகத் தட்டிக் காட்டினார். புகழ்ச்சி மனு.

பிரசங்கம் தொடங்கியது. அத்தனை பேரும் சொன்ன அத்தனை பொய்யும் பீடத்திலிருந்து கம்பீரமாகத் திரும்பி வந்தது. உப்புக்காற்றுக்கு முதல் பகுதி. காதல் தோல்விக்கு உட்பிரிவுகள். இரண்டாம் வரிசை அம்மாள் தான் பெற்றெடுத்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவராகச் செவிடாவதைக் குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தார். பொய் சொன்னவர்கள் எழுந்து மறுக்கவும் முடியாது, உட்கார்ந்து கேட்கவும் முடியாது. ‘கடைசியாக’ மூன்றைத் தாண்டி, ஐந்தைத் தாண்டிப் போனது. பல் டாக்டர் துடைத்துத் துடைத்து அவர் மூக்குக் கண்ணாடி தேய்ந்திருக்கும். டீச்சரின் முழங்கால் பழக்க தோஷத்தில் நகர்ந்து மோட்டாரைப் போட்டது. துருத்தி நிறைந்தது. நிசப்தம். விடாக்கண்டன் குணமாகியிருந்தான்.

ஒரு கட்டையை அழுத்தினால் ஆயிற்று. ஆனால் ஆர்கன் வாசிப்பவர் சுவரைப் பார்த்து, எதிர்ப்பக்கத்துப் பீடத்துக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். பீடத்தில் நடப்பது தெரிவதற்காகத் தலைக்கு மேல் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தது. கண்ணாடி இரண்டு பக்கமும் நியாயமானது. டீச்சருக்குப் போதகரின் முகம் தெரிந்தால், போதகருக்கு டீச்சரின் கைகள் தெரியும். மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது மாமியார் கையை நீட்டி அழுத்துவதும், சபை நடுவே ‘வாயை மூடுங்க மாப்பிள்ளை’ என்று சொல்வதும் ஒன்றுதான். விடாக்கண்டனின் அருமையே அதுதான்: யாரும் சொல்லாமல் அவன் சொன்னான். டீச்சர் கைகளை மடியில் கோத்துக்கொண்டார். பின்னால் பொருளாளர் மனுவை எடுத்துப் பிரித்து, பேனாவின் மூடியைக் கழற்றும் ‘டிக்’ சத்தம் கேட்டது. கையெழுத்து வேட்டை ஆரம்பமாகிவிட்டது.

டீச்சர் தலையை நிமிர்த்திக் கண்ணாடியைப் பார்த்தார்.

மாப்பிள்ளையின் கையில் கத்தை இல்லை. எப்போதோ தீர்ந்துபோயிருந்தது. நெற்றி வியர்த்துக் கொட்ட, “ஆகவே” என்றார். நிறுத்தினார். ஜன்னலைப் பார்த்தார். “ஆகவே, அந்தக் கப்பல்…” என்று மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். குரலில் உற்சாகமே இல்லை. இறங்கத் தெரியாமல் மரத்தில் ஏறிவிட்ட பூனையின் முகம் அது.

அப்போதுதான் டீச்சருக்கு ரயில் ஞாபகம் வந்தது. மாப்பிள்ளை ரயிலுக்கு மரியாதை கொடுத்து நிறுத்தியதில்லை. ரயில் இல்லாமல் அவருக்கு நிறுத்தவே தெரியாது. அங்கே ரயில், இங்கே விடாக்கண்டன். பாவம், மனிதர் தன் பிரேக்கைத் தானே கழற்றிக் கொடுத்துவிட்டு, சரிவில் உருண்டுகொண்டிருந்தார்.

கண்ணாடியில் இருவர் கண்களும் சந்தித்தன. மாப்பிள்ளையின் உதடு, வாக்கியத்துக்கு நடுவே, சத்தமில்லாமல் அசைந்தது: ‘அத்தை.’

டீச்சர் வலது கையை எல்லாரும் பார்க்க உயர்த்தி, விடாக்கண்டனின் கட்டையை ஒரே விரலால் அழுத்தினார். ‘ம்ம்ம்ம்ம்.’

“ஆமென்!” என்றார் போதகர். கரையேறியவனின் குரல். “ஆமென்!” என்றது சபை. அந்த ஆலயத்தில் அதற்கு முன்போ பின்போ யாரும் அவ்வளவு மனமுருகி ஆமென் சொன்னதில்லை. பேனா மூடிக்கொள்ளும் ‘டிக்’ கேட்டது.

எல்லாரும் சாப்பாட்டுக்கு ஓடிய பிறகு மாப்பிள்ளை தயங்கித் தயங்கி ஆர்கன் பக்கம் வந்தார்.

“அத்தை, அந்த மெக்கானிக் ஏதோ துண்டு எடுத்தாராமே. தூக்கிப் போட்டுட்டாரா?”

டீச்சர் கைப்பையைத் திறந்தார். மாப்பிள்ளை ஆப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பச்சைக் கம்பளியைப் பார்த்தார். பச்சை ஸ்வெட்டரைப் பார்த்தார்.

“யாரோ செதுக்கின மாதிரி இருக்கு.”

“காத்துல வந்து விழுந்திருக்கும் மாப்பிள்ளை.”

போதகர் ஆப்பை உள்ளங்கையில் உருட்டினார். “ஆமா,” என்றார். “காத்துலதான் வந்திருக்கும்.” அங்கியின் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். “இதுவும் அப்படித்தான் வந்துச்சு.”

இருவரும் மண்டியிட்டார்கள். கீழே குனிந்த மாப்பிள்ளையின் கண்ணில் முதலில் பட்டது ஸ்விட்ச்.

“இது என்ன அத்தை?”

“மோட்டார் ஸ்விட்ச்.”

“காத்து தானா நிரம்பி வழியும்னு சொன்னாங்களே?”

“வழியும். அதுக்கு முன்னாடி இதைப் போடணும்.”

மாப்பிள்ளை தலையை இன்னும் தாழ்த்தினார். தோள் மட்டும் குலுங்கியது. டீச்சருக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகுதான் அது சிரிப்பு என்று தெரிந்தது.

மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பிவந்த பொருளாளர் வாசலிலேயே நின்றுவிட்டார். மாமியாரும் மாப்பிள்ளையும் ஆர்கன் முன்னால் மண்டியிட்டு, தலையைத் தாழ்த்தி, உடல் குலுங்கக் குலுங்க இருந்தார்கள். மனிதருக்கு மனசாட்சி உறுத்தியது. மனுவை எடுத்து நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். நீளமான ஜெபமாக இருக்கும், குடையை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று திரும்பினார்.

படி இறங்குவதற்குள்ளேயே பின்னால் ‘ம்ம்ம்ம்’ என்று கேட்டது.

“ஆமென்,” என்றார் பொருளாளர், நடையை நிறுத்தாமல்.